வாய்க்கால் தலைப்பிலிருந்து எண்ணுங்கள்: டெல்டா மாவட்ட அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் ஊரக வளர்ச்சித் துறை அதிகாரிகள், அஞ்சல் துறை அதிகாரிகள், ஊராட்சி நிர்வாகத்தினர்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். மயிலாடுதுறை மாவட்டத்தின் கிழக்குக் கோடியில், வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைப் பகுதியில், ஒரு கிளை அஞ்சலகத்தில் நெடுங்காலம் பட்டுவாடா பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சைக்கிளில் தொடங்கி மொபெட்டில் முடிந்த வேலை. எங்கள் ஊர்களில் விலாசம் எப்படி எழுதப்படுகிறது, வாங்கிப் படிப்பவர் அதை எப்படிப் புரிந்துகொள்கிறார், எந்த இடத்தில் சிக்குகிறது என்பதெல்லாம் பழகிப் பழகித் தெரிந்தது. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

இப்போது எழுத ஒரு காரணமும் இருக்கிறது. நம் ஊர்களின் முகவரியில் ஒரே சமயத்தில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, தெருப்பெயர். ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில், தெருக்கள், சாலைகள் முதலியவற்றின் பெயர்களில் உள்ள சாதி அடையாளங்களை மாற்றுவதற்கு அரசாணை வந்தது. இன்னொன்று, டிஜிபின். 2025 மே மாதம் அஞ்சல் துறை, இடத்தைக் குறிக்கும் இந்தப் பத்து எழுத்துக் குறியீட்டை வெளியிட்டது. பெயர் ஒரு பக்கம் மாறுகிறது, குறியீடு ஒரு பக்கம் வருகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வீட்டு எண்ணை மட்டும் யாரும் தொடவில்லை. பெயர்ப்பலகை மாற்றுகிற கையோடு எண்ணையும் ஒழுங்கு செய்துவிடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. எந்த இடத்திலிருந்து எண்ண ஆரம்பிப்பது என்பதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

எங்கள் பக்கத்து உறை ஒன்றை எடுத்துப் பாருங்கள். பெயர், தகப்பனார் பெயர், மேலத்தெரு, ஊர், ‘வழி’ என்று ஒரு பெரிய ஊர், தாலுக்கா, மாவட்டம், பின்கோடு. கதவு எண் எழுதியிருந்தால் 2/14 என்றோ 1/67ஏ என்றோ இருக்கும். கோட்டுக்கு முன்னால் இருப்பது வார்டு. பின்னால் இருப்பது அந்த வீடு வரிப் பதிவேட்டில் ஏறிய வரிசை. அண்ணன் தம்பி பாகம் பிரித்துச் சுவர் எழுப்பினால் ஏ, பி, சி. கொல்லைப்புறத்தில் மகனுக்கு ஒரு வீடு கட்டினால் அதற்குச் சம்பந்தமே இல்லாத ஓர் எண் வரும். 14க்கு அடுத்த வாசல் 15ஆக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, 82ஆகவும் இருக்கும். பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் எழுதி வைத்திருக்கும் வீடுகளும் உண்டு.

ஆகவே தபால்காரர் எண்ணைப் பார்ப்பதே இல்லை. பெயரைப் பார்ப்பார், தகப்பன் பெயரைப் பார்ப்பார், ரைஸ்மில்காரர் மகள், சிங்கப்பூரார் வீடு என்று மனசில் ஓடும், கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். அந்த ஊர்க்காரரே தபால்காரராக இருந்த வரைக்கும் இதில் குறை இல்லை. இன்றைக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து ஆன்லைனில் ஆள் எடுக்கிறார்கள். வெளி மாவட்டத்துப் பிள்ளைகள் வருகிறார்கள், நன்றாக வேலை பார்க்கிறார்கள், கொஞ்ச நாளில் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிப் போகிறார்கள். ஊர் அவர்களுக்கு மனப்பாடம் ஆவதற்குள் ஆள் மாறிவிடுகிறது. கூரியர்காரர், பார்சல் கொண்டுவரும் பையன், கேஸ் சிலிண்டர் வண்டி, 108 ஓட்டுநர் ஆகியோர் நிலைமை இன்னும் மோசம். அவர்களுக்கு இருக்கும் ஒரே முகவரி கைப்பேசி எண். அது சுவிட்ச் ஆஃபில் இருந்தால் பார்சல் திரும்பிப் போகும்; ஆம்புலன்ஸ் முக்கூட்டில் நின்று ஹாரன் அடிக்கும்.

இந்தக் குழப்பத்தில் பாதியை 1972லேயே தீர்த்தார்கள் என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும். அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு வந்தது. மத்திய தகவல் தொடர்பு அமைச்சகத்தில் கூடுதல் செயலராக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் கொண்டுவந்த ஏற்பாடு அது. ஒரே பெயரில் பல ஊர், பல மொழி, பல எழுத்து என்றிருந்த நாட்டில் ஆறு இலக்கம் பெரிய வேலை செய்தது. டெல்டாவுக்குள்ளேயே கீழையூர் என்றும் நல்லூர் என்றும் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் இருக்கின்றன. பின்கோடு இல்லாமல் வந்த கடிதங்கள் ஊர் ஊராகச் சுற்றியதைப் பார்த்தவன் நான்.

இன்னொரு நன்மையும் செய்தது. தரங்கம்பாடிக்காரர் ஒருவர் வீட்டை விட்டு நகராமலேயே மூன்று மாவட்டங்களில் வாழ்ந்திருப்பார்: 1991 வரை தஞ்சாவூர், அப்புறம் நாகப்பட்டினம், 2020 டிசம்பர் முதல் மயிலாடுதுறை. லெட்டர்பேடு, ரப்பர் ஸ்டாம்பு, பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் மாவட்டம் மாறியது. பின்கோடு அதே 609 வரிசையில் நின்றது. காரைக்கால் புதுச்சேரி அரசின் கீழ் இருக்கிறது. அதன் பின்கோடு 609602, மயிலாடுதுறையோடு சேர்ந்தது. தபால் பை எந்த வழியாகப் போகிறதோ அதைப் பார்த்து வைத்த எண் என்பதால் நிர்வாக எல்லை அதைக் குழப்பவில்லை. ஆனால் பின்கோடு பட்டுவாடா அஞ்சலகம் வரைக்கும்தான் கொண்டுவிடும். அதற்கு அப்பால் இருக்கும் கிளை அஞ்சலகங்கள், குக்கிராமங்கள், வயலுக்கு நடுவே தனித்தனியாக நிற்கும் வீடுகள் எல்லாம் இன்றும் ஆள் ஞாபகத்தில்தான் ஓடுகின்றன.

ஞாபகத்துக்குத் துணையாக நாம் வைத்திருப்பது அடையாளங்கள். புளியமரத்து ஸ்டாப், போர்செட்டுக்கு எதிரே, பழைய களத்துமேடு. இப்படி விலாசம் சொல்வது நாம் மட்டும் அல்ல. மத்திய அமெரிக்காவில் கோஸ்டா ரிகா என்ற நாட்டில், தலைநகர் சான் ஹோசேவை ஒட்டிய சான் பெட்ரோவில், அத்தி இனத்து மரம் ஒன்று இருந்தது. மரம் போய்ப் பல காலம் ஆன பிறகும் ‘பழைய அத்திமரத்திலிருந்து தெற்கே 200 மீட்டர்’ என்ற ரீதியில் முகவரி சொன்னார்கள். பக்கத்து நாடான நிகராகுவாவின் தலைநகர் மனாகுவா 1972 நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்தது. ‘இன்ன கட்டடம் இருந்த இடத்திலிருந்து’ என்று தொடங்கும் முகவரிகள் அங்கே இன்றைக்கும் உண்டு. அந்த ஊரில் கிழக்கை ‘மேலே’ என்றும் மேற்கைக் ‘கீழே’ என்றும் சொல்வார்கள், சூரியன் ஏறுவதையும் இறங்குவதையும் வைத்து. நமக்கு நேர்மாறு. தண்ணீர் வருகிற மேற்கு மேலத்தெரு, கடல் பக்கம் கீழத்தெரு.

மரத்தை நம்பிய முகவரிக்கு என்ன ஆகும் என்பதை 2018 நவம்பர் 16 காட்டியது. கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய அந்த ஒரே இரவில் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் சாய்ந்தன. தோப்புக்கு எதிர்வீடு, ஆலமரத்தடி என்றெல்லாம் இருந்த இடங்கள் வெட்டவெளி ஆயின. நிவாரணப் பொருள் கொண்டுவந்த வெளியூர் வண்டிகளுக்கு வழி சொல்லச் சாலையில் ஆள் நிற்க வேண்டியிருந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரையோரம் கட்டிக் கொடுத்த புதுக் குடியிருப்புகளில் மட்டும் வீடுகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எண் இருக்கிறது. ஆனால் பல இடங்களில் அவற்றுக்குச் ‘சுனாமி குடியிருப்பு’ என்பதே பெயராக நின்றுவிட்டது. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அந்தப் பெயரை எழுதுகிறார்கள். பெயர் மாற்றும் பட்டியலில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சரி, வீட்டு எண்ணுக்கு வருகிறேன். உலகத்தில் எண் போடும் முறைகளைப் பார்த்தால், யாருக்காகப் போட்டது என்ற கேள்வியிலேயே வேறுபாடு பெரும்பாலும் விளங்கிவிடும். ஆஸ்திரியாவில் பேரரசி மரியா தெரசா 1770இல் வீடுகளுக்கு எண் போடச் சொன்னது படைக்கு ஆள் எடுப்பதற்காக. எந்த வீட்டில் எத்தனை ஆண்கள் என்று கணக்கு வைத்துக்கொள்ள ஊருக்கு ஊர் ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டே போனார்கள். புதுவீடு வந்தால் அடுத்த எண். அந்தப் பேரரசின் கீழ் இருந்த பிராக் நகரத்தில் இன்றும் கட்டடத்துக்கு இரண்டு பலகைகள் உண்டு. சிவப்புப் பலகையில் பதிவேட்டு எண், நீலப் பலகையில் தெரு வரிசை எண். வெனிஸ் நகரத்தில் ஆறு வட்டாரங்கள். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரே தொடர் எண், ஆயிரக்கணக்கில் போகும். ஜப்பானில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. பேட்டை, அதற்குள் மனைத்தொகுதி, அதற்குள் வீடு என்று பெரியதிலிருந்து சிறியதுக்கு எழுதி, ஆள் பெயரைக் கடைசியில் போடுவார்கள். பழைய முறையில் மனை எண் பதிவான வரிசைப்படி இருந்ததால் பக்கத்துப் பக்கத்து வீடுகளின் எண்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் கிடந்தன. 1962இல் தனிச் சட்டம் போட்டுத்தான் நகரங்களில் இதை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்கள்.

நம் 2/14ம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வரி வசூலிப்பவருக்காகப் போட்ட எண். தேடி வருகிறவருக்காக யாரும் போடவில்லை.

தென்கொரியா செய்ததை நீங்கள் அவசியம் படித்துப் பார்க்க வேண்டும். ஜப்பானிய ஆட்சியில், 1910களில் நிலம் அளந்தபோது வந்த மனை எண்தான் அங்கே நூறு வருஷம் முகவரியாக இருந்தது. மனை பிரியப் பிரிய எண்கள் சிதறின. ஏறக்குறைய நம் சர்வே எண்ணில் உட்பிரிவு போட்டுப் போட்டு நீள்வது மாதிரியேதான். அதை விட்டுவிட்டு, சாலைப் பெயரும் தூர எண்ணும் என்ற முறைக்கு வந்தார்கள். சாலை மேற்கிலிருந்து கிழக்கே, தெற்கிலிருந்து வடக்கே போவதாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு 20 மீட்டருக்கும் இடது பக்கம் ஓர் ஒற்றைப்படை எண், வலது பக்கம் ஓர் இரட்டைப்படை எண். எண்ணைப் பத்தால் பெருக்கினால் சாலை முனையிலிருந்து சுமாராக எத்தனை மீட்டர் என்று தெரிந்துவிடும். 2011இல் புதிய முகவரியை அறிவித்தார்கள். பழையதும் புதியதும் சில வருஷம் சேர்ந்தே செல்லுபடியாகின. 2014 ஜனவரி 1 முதல் புதியது மட்டும். ஊர்ப் பெயர் போய்விடுகிறதே என்று மக்கள் வருத்தப்பட்டதால், சாலை முகவரிக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் பழைய பேட்டைப் பெயரையும் எழுத இடம் வைத்தார்கள். மக்களுக்குக் கால அவகாசம் கொடுத்துச் செய்த மாற்றம் என்பதால்தான் இதை முன்மாதிரியாகச் சொல்கிறேன்.

நம் நிலத்துக்கு இன்னும் நெருக்கமான ஒரு விதி பாரிஸ் நகரத்தில் இருக்கிறது. 1805இல் நெப்போலியன் காலத்து ஆணை. சேன் ஆற்றுக்கு இணையாகப் போகும் தெருக்களில் நீரோட்டத்தின் திசையிலேயே எண் ஏறும். ஆற்றை விட்டு விலகிப் போகும் தெருக்களில் ஆற்றங்கரையிலிருந்து எண் தொடங்கும். ஒரு பக்கம் ஒற்றைப்படை, மறுபக்கம் இரட்டைப்படை. எந்தத் தெருவில் நின்றாலும் எண் ஏறுகிற பக்கத்தைப் பார்த்து ஆறு எங்கே, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம்.

ஒரே ஓர் ஆற்றை வைத்து அவர்கள் அப்படிச் செய்தார்கள். நம்மிடம் காவிரி, கொள்ளிடம், வெண்ணாறு, வெட்டாறு, அரசலாறு, குடமுருட்டி, வீரசோழன், மஞ்சளாறு, பாமணியாறு என்று பிரிந்து பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக ஒவ்வொரு ஊருக்குள்ளும் தண்ணீர் வருகிறது. எல்லாம் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே. எந்த வாய்க்காலுக்கும் தண்ணீர் பிரிந்து நுழைகிற ஒரு தலைப்பு உண்டு, போய் முடிகிற ஒரு கடைமடை உண்டு. நீர்வளத் துறைப் பதிவேட்டில் ‘ஏ’, ‘பி’ தொடங்கி ‘சி’, ‘டி’ வாய்க்கால் வரைக்கும் கணக்கு இருக்கிறது. ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும், படிக்காதவரைக் கேட்டாலும், தலைப்பு எந்தப் பக்கம் என்று கைகாட்டுவார். இதைவிட உறுதியான தொடக்கப் புள்ளி எந்த நாட்டில் கிடைக்கும்?

இது நமக்குப் புதிதும் அல்ல. சோழர் கால நிலக்கொடைக் கல்வெட்டுகளில் நிலம் இருக்கும் இடத்தைச் சொல்லும் முறையைப் பாருங்கள். இன்ன வதிக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாங் கண்ணாறு, இத்தனையாஞ் சதுக்கம். வதி தெற்கு வடக்காகப் போகும் பாதை. வாய்க்கால் மேற்கு கிழக்காக ஓடுவது. கண்ணாறு அதிலிருந்து பிரியும் சின்ன வாய்க்கால். சதுக்கம் சதுரமான நிலத்துண்டு. இரண்டு கோடுகள், இரண்டு வரிசை எண்கள். நிலத்தை நேரில் பார்க்காத ஒருவர் ஓலையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போய் அந்தத் துண்டில் நிற்கலாம். தஞ்சைப் பெரிய கோயிலில் இராஜராஜன் வெட்டுவித்த கல்வெட்டு ஒன்று, கோயில் பணிக்கு வந்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஒதுக்கிய வீடுகளைச் சொல்கிறது. எந்தத் தளிச்சேரி, தெருவின் தென்சிறகா வடசிறகா (தென்பக்க வரிசையா வடபக்க வரிசையா), அந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, அதில் இருப்பவர் யார், எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று அடுக்கிக்கொண்டே போகிறது. மரியா தெரசா வீட்டுக்கு எண் போடச் சொன்னதற்கு எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு, இதே மண்ணில், தெரு, பக்கம், வரிசை என்று கணக்கு இருந்திருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான். கரைச்சாலைகளிலும் வாய்க்காலை ஒட்டிய சாலைகளிலும் தலைமதகிலிருந்து நீரோட்டத் திசையில் தூரத்தை அளந்து எண் போடுங்கள். குறுக்குத் தெருக்களில் கரைமுனையிலிருந்து உள்ளே எண்ணுங்கள். வாய்க்கால் தூர்ந்து போன ஊர்களில் மேற்கிலிருந்து கிழக்கே என்று வைத்துக்கொண்டால் விதி மாறாது. கும்பகோணம், மயிலாடுதுறை போன்ற கோயில் நகரங்களின் மாட வீதிகளுக்கு வேறு கணக்கு தேவைப்படலாம். அதை அந்த ஊர்க்காரர்களிடம் விட்டுவிடலாம்.

தூரத்தை அளந்து போடச் சொல்வதற்குக் காரணம், நம் வீடுகள் ஒட்டி ஒட்டி இல்லை. திடலில் நாலு வீடு, அப்புறம் கால் மைல் வயல், அப்புறம் இறால் பண்ணை, அதைத் தாண்டி இரண்டு வீடு. வரிசை எண் கொடுத்தால் நடுவில் புதுவீடு வரும்போதெல்லாம் ஏ, பி என்று வால் முளைக்கும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நாட்டுப்புறச் சாலைகளில் வீட்டு எண் என்பதே தூரம்தான். 153 என்றால் சாலை தொடங்கிய இடத்திலிருந்து 1,530 மீட்டர். வண்டியின் மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருட்டில்கூடப் போய்விடலாம். காலி இடத்துக்கும் எண் காத்திருக்கும். மலேசியாவுக்குப் போன நம் ஆட்கள் அந்தக் காலத்திலேயே மைல்கல்லை வைத்து ‘ஐந்தாங் கட்டை’, ‘ஆறாங் கட்டை’ என்று ஊரைச் சொல்லிப் பழகியவர்கள்தான்.

இந்த முறையை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. எனக்கு அதுவே முதன்மையான காரணம். கடிதம் பிரிக்கிறவனுக்குத் தெரியும், நம் ஊர்களில் உறையின் இரண்டாவது வரியைப் படித்தாலே ஆள் யார் என்பது தெரிந்துவிடும். அக்ரகாரம், குடியானத் தெரு, காலனி. வேலைக்கு விண்ணப்பித்த பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த வரியைப் பார்க்கிற கண்கள் இருக்கின்றன. ஜப்பானில் புராகு என்று ஒதுக்கப்பட்ட மக்கள் வாழும் ஊர்ப்பெயர்களைத் தொகுத்து, நிறுவனங்களுக்கு ரகசியமாக விற்ற பட்டியல் 1975இல் அம்பலமானது. விண்ணப்பதாரரின் முகவரியை அந்தப் பட்டியலோடு ஒத்துப் பார்த்து வேலை மறுப்பதற்காக வாங்கியிருந்தார்கள். நம் நாட்டில் பட்டியலே தேவைப்படவில்லை. முகவரியே சொல்லிவிடுகிறது.

அதனால் பெயர் மாற்றத்தை மனதார வரவேற்கிறேன். ஆனால் பெயரை மட்டும் மாற்றினால் போதாது என்பது என் பயம். ஊர் முடிந்து, கொஞ்சம் வயல் தாண்டி, அதே சாலையில் இருக்கும் குடியிருப்புக்கு ஒரு தலைவர் பெயரையோ ஒரு பூவின் பெயரையோ வைத்து, அங்கே மறுபடி ஒன்றிலிருந்து எண் போட்டால், ஆறு மாதத்தில் அந்தப் புதுப் பெயரும் பழைய வேலையைச் செய்ய ஆரம்பித்துவிடும். அதே சாலைக்கு ஒரே பெயர், தலைமதகிலிருந்து ஒரே தொடர் எண் என்று வைத்துப் பாருங்கள். வடகரைச் சாலை 40 பெரிய வீட்டுக்காரர், வடகரைச் சாலை 118 தொகுப்பு வீட்டுக்காரர். எந்த எண்ணில் ஊர் முடிந்தது என்று வெளியூர்க்காரர் யாருக்கும் தெரியப்போவதில்லை. கொரியாவைப் போலப் பழைய பெயரை அடைப்புக்குறிக்குள் எழுதும் ஏற்பாட்டை மட்டும் இங்கே வேண்டாம் என்பேன். பழைய பெயர் அஞ்சலகப் பதிவேட்டுக்குள் இருந்தால் போதும், உறையில் வேண்டாம்.

மனைப்பட்டா இல்லாத வீடுகளையும் விட்டுவிடாதீர்கள். டெல்டாவில் எத்தனையோ குடும்பங்கள் கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் அடிமனை வாடகையில் இருக்கின்றன. வாய்க்கால் புறம்போக்கில் இருப்பவர்கள் தனி. எண் கொடுத்தால் உரிமை கொடுத்ததாகிவிடுமோ என்று அலுவலகங்கள் தயங்குகின்றன. ‘இந்த எண் இடத்தைக் குறிப்பது மட்டுமே, உரிமைக்குச் சான்றாகாது’ என்று ஆணையிலேயே எழுதிவிட்டால் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. பாம்பு கடித்தவரைத் தேடி வரும் வண்டிக்குப் பட்டா எதற்கு?

டிஜிபினுக்கு நான் எதிரி இல்லை. ஐதராபாத் ஐஐடியும் இஸ்ரோவின் தொலையுணர்வு மையமும் சேர்ந்து உருவாக்கியது. நாடு முழுவதையும் சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு தருகிறது. தெருவே இல்லாத இடத்தில், வயல் நடுவே போர்செட்டில், உப்பளத்தில், படகுத் துறையில் ஆபத்து என்றால் அதைவிட உதவியானது எதுவும் இல்லை. ஆனால் அதைப் படிக்கக் கைப்பேசி வேண்டும். தென்னை அடர்ந்த இடத்தில் கைப்பேசி சில மீட்டர் தள்ளிக் காட்டுவது சாதாரணம். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் சில மீட்டர் என்றால் வேறு குடும்பம். வாசலில் நிற்கிறவர் கண்ணுக்குத் தெரிவது பலகையில் எழுதிய எண் மட்டும்தான்.

அயர்லாந்து நாட்டின் முகவரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தனித்துவம் இல்லாதவை, பெரும்பாலும் நாட்டுப்புறத்தில். ஒரே ஊர்ப் பெயர், எண் கிடையாது, குடும்பப் பெயரைப் பார்த்துத் தபால்காரர் கொடுப்பார். நம் கதைதான். 2015இல் வீட்டுக்கு வீடு ஏழு எழுத்துக் குறியீடு கொடுத்தார்கள். ஆனால் அடுத்தடுத்த வீடுகளின் குறியீடுகளுக்குள் எந்த வரிசையும் கிடையாது. ஒன்றை வைத்துப் பக்கத்து வீட்டை ஊகிக்க முடியாது. சிங்கப்பூரில் 1995 முதல் கட்டடத்துக்குக் கட்டடம் ஆறு இலக்க எண் இருக்கிறது. அங்கே அது நன்றாக ஓடுவதற்குக் காரணம், புளோக் எண்ணைச் சுவரில் தூரத்திலிருந்தே படிக்கிற அளவுக்குப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். போய் வந்தவர்கள் நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். குறியீடு கணினிக்கு, எண் கண்ணுக்கு. இரண்டும் ஒரே பலகையில் இருக்கட்டும்.

நடைமுறைக்கு வந்தால், ஒன்றியத்துக்கு ஓர் ஊராட்சியில் முதலில் செய்து பாருங்கள். சாலைகளையும் வாய்க்கால்களையும் வரைந்த ஊர்ப்படத்தைக் கிராம சபைக்கு முன்னாலேயே ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டு, சபையில் வைத்துச் சாலைப் பெயர்களை முடிவு செய்யுங்கள். எல்லாக் குடியிருப்பு மக்களும் இருக்கிற கூட்டமாக அது இருக்க வேண்டும். பலகை இரவில் வண்டி வெளிச்சம் பட்டால் மின்னுகிற வகையாக இருக்கட்டும். குடிசைக்கும் மாடிக்கும் ஒரே அளவு. பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் ஒப்பீட்டுப் பட்டியல் ஒன்று அஞ்சலகத்திலும், கிராம நிர்வாக அலுவலரிடமும், 108 கட்டுப்பாட்டு அறையிலும் இருக்க வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை எல்லாவற்றையும் மாற்றச் சொல்லி மக்களை இ-சேவை மையத்துக்கு அலையவிடாதீர்கள். பழைய முகவரி சில வருஷங்களுக்குச் செல்லும் என்று தெளிவாக ஆணையிடுங்கள். மாறுகிற ஆவணங்களுக்குக் கட்டணம் கேட்காதீர்கள்.

வேலைக்கு ஆள் இல்லையே என்று நினைக்க வேண்டாம். ஓய்வு பெற்ற தபால்காரர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறோம். எந்த வீடு எந்த வருஷம் பிரிந்தது, எந்த எண் எந்த வாசலுக்கு என்பதெல்லாம் எங்களிடம் இன்னும் அழியாமல் இருக்கிறது. மதகுகளைப் பார்த்துக்கொண்ட பழைய லஸ்கர்களுக்கு வாய்க்கால் தலைப்புகள் எல்லாம் அத்துப்படி. எங்களில் பலருக்கு வயதாகிவிட்டது. கூப்பிடுவதாக இருந்தால் வருகிற கிராம சபைக்குள் கூப்பிடுங்கள். அளக்கிற டேப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
கடைமடையிலிருந்து
ஓய்வு பெற்ற கிராமத் தபால்காரர் ஒருவர்